மூன்று பேர் பார்த்த அருளப்பன்

மலேசியாவில், எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கல்யாணச் சாப்பாட்டை ஒருவரையும் நிம்மதியாகச் சாப்பிட விடாத மனிதர் எங்கள் சார்ஜன் மாமாதான். இலையில் கோழிப் பிரட்டல் விழுந்து, முதல் கவளம் வாய்க்குப் போகும் நேரம் பார்த்துப் பக்கத்து நாற்காலி இழுபடும்.

"கிராணியாரு செத்த அன்னைக்கு நீ எங்க இருந்த?"

அதற்குப் பிறகு பிரட்டல் எங்கே இறங்கும்? அவரைக் கண்டாலே நான் மேசை மாறி உட்காருவேன்.

மாமா ஒரு நாள்கூடப் போலீஸில் சார்ஜென்ட்டாக இருந்தவரில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். காக்கிச் சட்டையும் தடித்த மீசையும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் குரலும் இருந்ததால் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

அவர் விடாமல் துருவிய விஷயம் இதுதான். நான் பால்பல் விழுந்து திரிந்த காலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிராணியாரை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்து அருளப்பனை அந்தப் பக்கம் பார்த்ததாக மூன்று பேர் சொன்னார்கள். பாலத்தில் பார்த்தவர் ரோசம்மா அக்கா. ஸ்டோர் பக்கம் பார்த்தவர், வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி. ஆபீஸ் வாசலில் பார்த்தவர், வேறு யார், சார்ஜன் மாமாவேதான்.

அருளப்பன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்ததாகச் சொன்னார். அதற்கு அவர் மனைவி மட்டுமே சாட்சி. போலீஸ் கூட்டிப்போய் விசாரித்து, ஆதாரம் போதாதென்று விட்டுவிட்டது. தோட்டம் விடவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் யாருமே போகவில்லை. ஆக்கிய சோறு அண்டாவிலேயே கிடந்ததாம்.

பிறகு தோட்டமே போய்விட்டது. ஆளாளுக்குப் பாரோய், லோபாக் என்று வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறினோம். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமா, மிச்சமிருந்த சாட்சிகளைக் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் மடக்க ஆரம்பித்தார். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் போட்டால், இவர் மட்டும் "அன்று மழை பெய்ததா? தெரிந்தவர் சொல்லவும்" என்று போடுவார்.

போன வருஷம் அருளப்பனின் பேத்தி ஸ்டெல்லா என் வீட்டுக்குத் தன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். மாமாவும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா கல்யாணத்துக்கு வரமாட்டாராம் அங்கிள். அவரு வந்தா நீங்கள்லாம் வரமாட்டீங்களாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "வண்டிய எடு" என்றார். அவருடைய கார் சாவியை அவர் மகள் ஒளித்து வைத்திருந்ததால் நான்தான் டிரைவர்.

முதலில் ஆஸ்பத்திரி. முனியாண்டிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் கட்டைப் பிரித்திருந்தார்கள்.

"மண்டோரே, இப்ப என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுதுலா. கெழடு தட்டிப் போச்சு ஒனக்கு."

"அன்னைக்கு அருளப்பன் மூஞ்சி தெரிஞ்சிச்சா?"

"மூஞ்சியா? அந்தப் பச்சை சைக்கிள் போச்சு, பாத்தேன். அவன் இல்லாம வேற யாருலா?"

நர்ஸ் மிஸ்ஸி வந்து எங்கள் இருவரையும் விரட்டினாள்.

மறுநாள் ரோசம்மா அக்காவை ஏற்றிக்கொண்டு செண்டாயான் போனோம். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பேரங்காடியும் கார் நிறுத்துமிடமும். வழியெல்லாம் மாமா எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சிக்னல் போடு, பிரேக்கை மெதுவாக மிதி, பின்னால் பிள்ளைகள் இருப்பதாக நினைத்துக்கொள். பின்னால் இருந்தது எழுபதைத் தாண்டிய ரோசம்மா அக்கா.

"தள்ளுவண்டி நிக்கிற எடந்தான் பாலம். அங்க நில்லுங்கக்கா."

"வெயிலு மண்டைய பொளக்குது சார்ஜன், சீக்கிரம் கேளுலா."

காவலாளி வந்து இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டான். மாமா மலாயில், "கொலைக் கேஸ்" என்றார். அவன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

"என்னா பாத்தீங்க?"

"அருளப்பன் போனான்."

"மூஞ்சி?"

"மூஞ்சிய எதுக்குலா பாக்கணும்? பச்சை சைக்கிள் போச்சுன்னா அவன் போனான்னுதான் அர்த்தம்."

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். சைக்கிளைப் பார்த்தால் ஆளைப் பார்த்த கணக்கு. கள்ளுக்கடைச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தால் போதும், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பெண்டாட்டிமார் வீட்டிலிருந்தே திட்டத் தொடங்கிவிடுவார்கள். அருளப்பனோ பச்சை சைக்கிளைப் பூட்டாமல் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் போட்டுவிடுவார். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். என் அப்பாவே அதில் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். போலீஸ் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மாமா ஒரு சிக்னல்கூடப் போடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சர்ச் மண்டபத்தில் எல்லாரும் பலகாரம் சாப்பிடும்போது மாமா நடுவில் போய் நின்றார். தன்னைத்தானே விசாரிக்க ஆரம்பித்தார். வலது பக்கம் நின்று அதட்டுவார், இடது பக்கம் நகர்ந்து பதில் சொல்வார்.

"ஆபீஸ் வாசல்ல யாரப் பாத்த?"

"அருளப்பன, சார்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"பாக்கல சார். சைக்கிளு சாஞ்சிருந்திச்சு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"ஊரையெல்லாம் கேட்டியே, ஒன்னைய ஏன் கேக்கல?"

இடது பக்கம் நகர்ந்தார். மறுபடியும் வலது பக்கத்துக்கே வந்து நின்றார். என் கண்ணில் தண்ணீர் நின்றது.

ரோசம்மா அக்கா எழுந்தார். "போதும், உக்காருலா சார்ஜன். நானுந்தான் சொன்னேன், மண்டோருந்தான் சொன்னாரு. இப்பவே போவோம், வா."

கறுப்புக் கண்ணாடி போட்ட முனியாண்டியையும் ஏற்றிக்கொண்டு லோபாக்கில் அருளப்பன் வீட்டுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தபடி நின்றார். நடந்ததைச் சொல்லி மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

"ஒம் பேத்தி கல்யாணத்துக்கு நீ வரலன்னா, நாங்க ஒருத்தரும் வரமாட்டோம்" என்றார் ரோசம்மா அக்கா.

அவர் வந்தார். மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. கிராணியாரைக் கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது. மாமா அதை விடவும் இல்லை. ஆனால் அன்று அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாடு முடியும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அருளு, ரசம் ஊத்தவா?"

இப்போதெல்லாம் நான் கல்யாணங்களுக்குச் சீக்கிரமே போய், என் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைக்கிறேன். யாராவது வந்து கேட்டால், சார்ஜன் மாமாவுக்கு என்று சொல்லிவிடுகிறேன்.