வால்வு செத்த பிறகு அவர் கேட்டவை

அன்று சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். என் கணவர் கார்த்திகேசு, தலையில் ஹெட்போனுடன், கண்களை மூடியபடி. பக்கத்து வீட்டு இராஜசிங்கமும் அவர் மனைவி செல்லாச்சியும், தேநீர்க் கோப்பைகளுடன். ரேடியோ பழுதுபார்க்கும் சதாசிவம், மடியில் ஒரு சிறு அட்டைப்பெட்டியுடன். பிறகு நான், சந்திரமதி. இடம் ஈப்போ, ஆண்டு 1981. இவர்களில் நால்வருக்குக் காது கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஹெட்போன் அணிந்தவருக்கும் கேட்கும் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஹெட்போன் எதில் மாட்டியிருந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். என் கணவர் முன்பு சுங்காய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக, இருந்தவர். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பினார். அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றக் கிராணிமார் கட்டில், அலமாரி, குளிர்பெட்டி என்று வாங்கினார்கள். என் கணவர் இரண்டு செங்கல் அளவில் ஓர் ஆம்பிளிபையரைத் தூக்கி வந்தார். வெளியே ஒரு கண்ணாடி வால்வு, உள்ளே டிரான்சிஸ்டர்கள். பழையதும் புதியதும் கலந்த சாதி. இசைத்தட்டு சுழலும், ஒலி ஹெட்போனுக்குள் மட்டும் வரும். ஒருவர் கேட்கலாம், வீட்டில் மற்றவர்கள் வேலை செய்யலாம். அதைச் செய்த நிறுவனமே இரண்டு ஆண்டுகளில் கைவிட்டுவிட்டது. என் கணவர் கைவிடவில்லை.

வாரம் ஒருமுறை வால்வை வெள்ளைக் கைக்குட்டையால் பற்றிக் கழற்றுவார். வெறும் விரல் படக்கூடாதாம். விரலின் எண்ணெய் கண்ணாடிக்கு ஆகாதாம். அதன் கால்களை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். மழைக்காலத்தில் அதற்குக் கம்பளிப் போர்வை. வால்வு சூடேறும்வரை கைகட்டிக் காத்து நிற்பார். எனக்குப் பொறாமை இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுதும் பழக்கம் எனக்கில்லை. மணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அறைவாசலில் நின்றபடியே "எப்பிடி?" என்று விசாரித்த மனிதர் அவர்.

அந்த ஆண்டு தைப்பூசம் கழிந்த மறு வாரம், தூசி தட்டும்போது பார்த்தேன்: வால்வின் உச்சியிலிருந்த வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தது. கடைத்தெருவில் சதாசிவத்திடம் கேட்டேன். "மேல வெளுத்துப்போச்சுன்னா உள்ள காத்துப் பூந்துருச்சுக்கா. இனி அது வெறும் பாட்டில்" என்றார். அன்று மாலையும் என் கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டினார். வெறும் பாட்டில் பாடாது. புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட எண்ணினேன். பிறகுதான் கவனித்தேன், ஹெட்போனின் வலப்பக்கத்து மூடி காதுக்குச் சற்றுப் பின்னால் தள்ளியிருந்தது. அடுப்படியிலிருந்து, வெளிமதில் இடிந்துவிட்டதென்று மெல்லச் சொன்னேன். தலையாட்டம் ஒரு தாளம் தவறியது.

உண்மையை அவர் ஏன் மறைத்தார்? "உம்மட ஜப்பான் செற் பத்துப் பழுதானாலும் என்ர பெட்டி நிண்டு பாடும்" என்று இராஜசிங்கத்திடம் சவால் விட்டவர் அவர். அது ஒரு காரணம். காது கேளாதவர் என்று எண்ணி வீட்டார் என்னென்ன பேசுகிறார்கள் என்று அறியும் சுகம் மற்றொரு காரணம்.

அந்த வாரத்தில்தான், ஈப்போவில் ஆசிரியையாக இருந்த எனக்குக் காம்பாரில் தலைமையாசிரியைப் பதவி வந்தது. இருபத்துநான்கு மைல். எங்கள் பழைய மோரிஸ் கார் அவ்வளவு தூரம் தாங்காது என்றார் என் கணவர். "நீர் காம்பாருக்குப் போனா மத்தியானம் எனக்குச் சோறு ஆர் போடுறது?" என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். விவாதம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. எங்கள் தொலைபேசி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. நான் ரிசீவரை எடுத்து, மறுகையால் கொக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோலா கங்சாரில் இருக்கும் அக்காவுடன் பேசத் தொடங்கினேன். அவர் காதில் பாட்டு இல்லை. என் காதில் அக்கா இல்லை. இது பொய்யா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பொய் சொல்வதற்கு மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும்.

"அக்கா, பக்கத்து வீட்டு இராஜசிங்கம் என்ன சொல்லுறார் தெரியுமோ? என்னைப்போலச் சமைக்கிறவளைச் சந்தைக்கு அனுப்பக்கூடாதாம். புருஷன்தான் போய் மீன் வாங்கவேணுமாம்."

மறு ஞாயிறு என் கணவர் பெரிய மீனொன்றைத் தோளில் சார்த்தியபடி வந்தார். மூன்று ஆண்டுகளாக ஒழுகிய அடுப்படிக் கூரையை அடைத்துத்தர இராஜசிங்கம் முன்வந்ததாக அக்காவிடம் சொன்னேன். இரண்டே நாளில் என் கணவர் கூரைமேல் நின்றார். நீலப் புடவை எனக்கு எடுப்பாக இருக்கிறதென்று இராஜசிங்கம் சொன்னதாகச் சொன்னேன். என் நீலப் புடவை அலமாரியிலிருந்து மறைந்தது. அதனிடத்தில் சேற்று நிறத்தில் புதியதொன்று இருந்தது. உண்மையான இராஜசிங்கம் எவரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. செல்லாச்சியின் இருபதாண்டுச் சமையலைப் பற்றி அவர் கூறியதெல்லாம் உப்பைப் பற்றியே.

ஆனால் காம்பார் மட்டும் அசையவில்லை. திங்கட்கிழமைக்குள் நான் பதில் தரவேண்டும். ஆகவே வால்வின் எண்ணைக் குறித்துச் சதாசிவத்திடம் கொடுத்தேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டாரைத் தேநீருக்கு அழைத்தேன். வால்வு வேண்டுமானால் அவர் வாய் திறக்கவேண்டும். வாய் திறந்தால் பேரம் பேச எனக்கு வழி கிடைக்கும்.

சதாசிவம் பெட்டியைத் திறந்து வால்வை மேசைமேல் வைத்தார். ஈப்போ முழுவதும் தேடியும் இந்த ஒன்றுதான் அகப்பட்டதாம். "தைப்பிங்ல ஒரு சீனக்கடைத் தவுக்கே ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாருக்கா. உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன் லா."

என் கணவரின் தலையாட்டம் நின்றது. பிறகு வேறொரு தாளத்தில் தொடங்கியது.

"ஆளைப் பாத்தாப் பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது போல கிடக்கு. பிறகேன் இது?" என்றார் இராஜசிங்கம்.

"அதுதான் நானும் யோசிக்கிறன். வேணுமெண்டா அவர் கேப்பார்தானே" என்றேன். "சதாசிவம், தைப்பிங்குக்கே குடுத்துவிடுங்கோ."

சதாசிவம் வால்வைப் பஞ்சில் சுற்றினார். என் கணவரின் இமைகள் துடித்தன. வாய் திறக்கவில்லை. அட்டைப்பெட்டியின் மூடி விழுந்தது. அப்போதும் திறக்கவில்லை. மானத்துக்கும் வால்வுக்கும் இடையில் அவர் மானத்தைத் தேர்ந்துகொண்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

என் கணக்கு தவறிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கையில், காம்பார் விஷயம் என்னவாயிற்று என்று செல்லாச்சி விசாரித்தாள். போய்வர வழியில்லை, திங்கட்கிழமை மறுத்து எழுதவேண்டியதுதான் என்றேன். இராஜசிங்கம் தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நான் வேலை செய்யிற கந்தோரும் காம்பாரிலதானே. தனியத்தான் காரில போறனான். வேணுமெண்டா ரீச்சரை நான் ஏத்திக்கொண்டு போறன்."

இது நான் இட்டுக்கட்டாதது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"தேவையில்லை."

சொன்னவர் என் கணவர். கண்கள் மூடியே இருந்தன. ஹெட்போன் தலையிலேயே இருந்தது. "திங்கக்கிழமை ஓமெண்டு எழுதும். நானே கொண்டுபோய் விடுறன். ஒவ்வொரு நாளும்."

சதாசிவம் ஆம்பிளிபையரில் வெளுத்திருந்த வால்வைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்குக் கேக்குதா?"

என் கணவர் ஹெட்போனைக் கழற்றினார். பின்வாங்க இடமில்லை, ஆகவே முன்னேறினார். "மீன் வாங்க எனக்குப் படிப்பிச்சீர். என்ர கூரையில ஏறப் பாத்தீர். இப்ப காரில ஏத்தப் பாக்கிறீர். என்ர பெண்சாதிக்கு நீலம் எடுப்பெண்டு நீரோ சொல்லவேணும்?"

"நானோ?" என்றார் இராஜசிங்கம். "நான் எப்ப சொன்னனான்?"

"ரெண்டு மாசமா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் என் கணவர், பெருமையுடன். சொன்ன பிறகே தாம் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கியது. குரல் தாழ்ந்தது. "சதாசிவம், அந்த வால்வைப் போடும்."

இராஜசிங்கம் என்னைப் பார்த்தார். ரிசீவரின் மறுமுனையில் ஒருவருமில்லை என்று ஒரே வாக்கியம் நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தப்பியிருப்பார். காம்பார் தப்பியிருக்காது. நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

செல்லாச்சி குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். அது பச்சை. பிறகு தன் கணவரைப் பார்த்தாள். கோப்பையை ஓசையின்றி மேசைமேல் வைத்தாள். எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலைக் கடந்து போனாள்.