பத்து முறை தோளைத் தூக்கிய தம்பி எழுதுவது

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி நின்றுகொண்டே எழுதும் கடிதம். இங்கே என் கழுத்தைத் தவிர எல்லோரும் நலம். நீயும் அத்தானும் உங்கள் மகளும் நலமா என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

நின்றுகொண்டு எழுதுவது ஏன் என்றால், குனிந்து எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. காகிதத்தை அலமாரிக் கதவில் கண்ணுக்கு நேராக ஒட்டிவைத்திருக்கிறேன். இப்படி எழுதினால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் பென்சில். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதே. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். பதினெட்டு நாளாக நான் போன் செய்கிறேன், அத்தான் எடுத்து, "அவ குளிச்சிட்டிருக்காப்பா" என்கிறார். காலையிலும் குளியல், மத்தியானமும் குளியல், சாயங்காலமும் குளியல். இப்படிக் குளித்தால் அக்காவுக்குச் சளி பிடித்துக்கொள்ளுமே என்று நேற்று அவரிடமே கவலைப்பட்டேன். "நான் என்னப்பா பண்ணட்டும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வைத்துவிட்டார். பாவம், அவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளுக்கு வந்த வரன் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். அன்றைக்கு உன் வீட்டு வரவேற்பறையில் பையனின் அப்பா என்னைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் தோளைக் குலுக்கினேன். ஒரு தடவை இல்லை, பத்து தடவை குலுக்கினேன். அங்கே இருந்த பதினோரு பேரும் பார்த்தார்கள். 'யோசிச்சுச் சொல்றோம்' என்று எழுந்து போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெண்ணைப் பற்றிச் சொந்தத் தாய்மாமனே இப்படித் தோளைக் குலுக்கினால் அடுத்தவர்கள் என்னதான் செய்வார்கள்? நீ என் முகத்தில் விழிக்காமல் இருப்பதில் தப்பே இல்லை. ஆனால் நான் ஏன் குலுக்கினேன் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதற்கெல்லாம் மூலம் என் அலுவலகத்து மேசை. விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை என்னுடையது என்று உனக்குத் தெரியும். எந்தப் பத்தியில் என்ன விடுபட்டிருக்கிறது, எங்கே கையெழுத்து இல்லை என்று பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷமாக என் கம்ப்யூட்டர் திரை எனக்கு நேராக இல்லை, இடது பக்கம் ஒரு முழம் தள்ளி இருக்கிறது. நான் பத்தொன்பது வருஷமாக இடது பக்கமே பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். பேச்சு வந்தால் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. புதிதாகச் சேர்ந்தவர்களை நிற்கவைத்துக் காட்டியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் கழுத்தில் பிடித்தது, தோளுக்கு இறங்கியது, அங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்தது. தலையணையை மாற்றினால் சரியாகும் என்றார்கள், ஐந்து தலையணை மாற்றினேன். தலையணையே வேண்டாம் என்றார்கள், ஐந்தையும் மாமியாருக்குக் கொடுத்தேன், இப்போது அவருக்குக் கழுத்து வலி. உன் தம்பி மனைவி வெந்நீர்ப் பையை வைத்து வைத்துத் தோலில் ஒரு சதுரம் சிவந்துவிட்டது. வலித் தைலம் பூசிக்கொண்டு போனதில் பக்கத்து மேசைக்காரர் கண் எரிகிறது என்று ஜன்னலோரம் குடிபோனார். கடைசியில் முடி வெட்டப் போன இடத்தில் முடி வெட்டுபவர், "சார், ஒரே திருப்பு, வலி பறந்துடும்" என்று தலையைப் பிடித்து இடது பக்கம் சடக்கென்று ஒடித்தார். அட, உண்மையாகவே இடப்பக்கம் பறந்துவிட்டது. வலப்பக்கம் திருப்புவதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனவர் வேறொருவரை உட்காரவைத்துச் சோப்புப் போட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் நினைவுபடுத்தக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து இடப்பக்கம் தாராளமாகத் திரும்புகிறது, வலப்பக்கம் ஓர் அங்குலம் நகராது. சாலையைக் கடக்க வலது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்பி நிற்கிறேன். நான் வழி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு யாராவது வழி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிறகுதான் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்ன வயதுப் பெண், ஆனால் பேச்சில் தயவுதாட்சண்யம் கிடையாது. "திரை ஏன் சார் இடது பக்கம் இருக்கு?" என்று கேட்டார். "எனக்கு முன்னாடி அந்தச் சீட்ல இருந்தவர் அப்படித்தான் வச்சிருந்தாரும்மா" என்றேன். "அவர் இப்ப எங்கே?" "கழுத்து வலின்னு முன்கூட்டியே ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டார்." அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சீட்டு எனக்குக் கிடைக்க நான் எத்தனை பேரைப் பிடித்தேன் என்பதை நான் சொல்லவில்லை.

திரையை நேராக, கண் மட்டத்தில் வைக்க வேண்டும் என்றார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். போனை இடுக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்குக் கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்துத் தோள் பயிற்சி. "தோள காது வரைக்கும் தூக்குங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க. பத்து தடவ. கண்ண மூடிக்குங்க. தூக்கியிருக்கும்போது பேசக் கூடாது. நடுவுல விட்டா திரும்பவும் ஒண்ணுல இருந்துதான்." நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். திரையை நகர்த்த வேண்டும் என்று அலுவலகத்தில் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுத்தேன். அக்கா, இதை யாரிடமும் சொல்லாதே, அந்த விண்ணப்பம் சுற்றிவிட்டுச் சரிபார்க்க என் மேசைக்கே வந்தது. நான்காம் பத்தியில் காரணம் நிரப்பப்படவில்லை. விதி விதிதானே? நானே திருப்பி அனுப்பினேன். மறுபடி எழுதி, மறுபடி சரிபார்த்து, பழைய பதிவேடுகள் நாலை அடுக்கி அதன்மேல் திரையை நேராக வைப்பதற்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆனால் வைத்த பத்தாவது நாளிலேயே வலி பாதி குறைந்தது. பயிற்சியும் வேலை செய்தது. மணி அடித்தால் தோள் தானாகவே ஏறுகிற அளவுக்கு நான் பழகிவிட்டேன். அதுதான் வினையாகிப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீ போன் செய்தது நினைவிருக்கிறதா? "இதோ பாரு, கழுத்துல அந்த வெள்ளப் பட்டையக் கட்டிட்டு வந்து நிக்காத. நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒரு நோய் கிடையாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ சொன்னதற்காக மட்டும் நான் பட்டையைக் கழற்றவில்லை. எனக்கும் அதைக் கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் உட்கார வெட்கமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து, "உனக்கு எப்பப் பாத்தாலும் எங்கயாவது ஒரு வலி" என்று நீ சொல்வதும் மனதில் இருந்தது. ஒரு நாளாவது வலி இல்லாத தம்பியாக உன் வீட்டுக்கு வர ஆசைப்பட்டேன். பட்டை மட்டும் இருந்திருந்தால் பையனின் அப்பா, அந்தப் பெரியவர், பார்த்ததுமே புரிந்துகொண்டிருப்பார்.

நீ என்னைப் பையனின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாய். அவர் என் இடப்பக்கம். உன் மகள் என் வலப்பக்கம், அந்தக் குட்டை நாற்காலியில். அவள் முகத்தை நான் அன்று முழுக்கப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவர் என் பக்கம் சாய்ந்து, "நீங்க தாய்மாமன். நீங்களே சொல்லுங்க, பொண்ணு எங்க பையனோட ஒத்துப் போவாளா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தங்கமான பெண் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் வலது சட்டைக்கையை ஏதோ இரண்டு தடவை இழுத்தது. நாற்காலியில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதே சமயம் சட்டைப் பையில் அலாரம் அடித்தது. கண்ணை மூடினேன், தோள் ஏறிவிட்டது.

மூன்றாவது தடவையில், "என்ன சார், தெரியாதுங்கறீங்களா?" என்ற குரல் கேட்டது. ஐந்தாவதில், "இல்ல, உங்களுக்கு இதுல இஷ்டம்தானே?" என்றார். தோள் மேலே இருந்தது, பேசக் கூடாது. ஏழாவதில் அறையில் கப் வைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது அக்கா. ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. ஏழில் நிறுத்தினால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமே என்றுதான் தோன்றியது. இந்தச் சீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே, இருபத்தாறு வருஷ வேலையில் பாதிப் பத்தியில் பேனாவை வைக்காதவன் நான். எட்டு, ஒன்பது, பத்து என்று முடித்துக் கண்ணைத் திறந்தபோது பெரியவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாசல் வரை ஓடி, "பயிற்சி சார், பயிற்சி" என்றேன். "உங்க குடும்பத்துக்கு இன்னும் நல்லா பயிற்சி வேணும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

இரவு பகலாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவள் நீ. உனக்கு இதுவரை நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நீ கேட்டது ஒன்றே ஒன்று, வந்து உட்கார்ந்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று. அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. நாளைக் காலை கழுத்துப் பட்டையோடு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த சீட்டு, தேதி போட்ட பயிற்சி அட்டவணை எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அவர் முன்னாலேயே பத்து தடவை செய்து காட்டுகிறேன். அவர் காலில் விழ வேண்டுமென்றாலும் விழுகிறேன், குனிய முடிந்த வரை. இந்தக் கல்யாணத்தை நானே முன்னின்று நடத்திவைப்பேன். நீ மட்டும் ஒரு தடவை போனை எடு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கு என் ஆசி. நீ உடம்பைப் பார்த்துக்கொள், முக்கியமாகக் கழுத்தை.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் எழுதி முடித்து உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டினார்கள். உன் மகள்தான். மருந்தகத்தில் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். அலமாரிக் கதவில் இருந்த கடிதத்தை நின்றபடியே முழுக்கப் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து என் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, அன்னிக்கு அங்க எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "நான்தான் வாயே திறக்கலையேம்மா" என்றேன். "சட்டையைப் பிடிச்சு இழுத்தது நான்தான் மாமா. வேண்டாம்னு சொல்லுங்கன்னு இழுத்தேன். நீங்க உடனே தோளைக் குலுக்க ஆரம்பிச்சீங்க. பத்து தடவை எதுக்கு, ஒரு தடவை போதாதான்னுகூட எனக்குத் தோணுச்சு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பையன் போனில் சொல்லிவிட்டானாம். அதை அவள் உன்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை நீ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாய், ஒரு தடவை மாடிப்படியில் முன்னால் போய்க்கொண்டிருந்தாய், ஒரு தடவை வண்டியில் முன்சீட்டில் இருந்தாய். "அம்மா சரி சரின்னாங்க. திரும்பிக்கூடப் பாக்கல மாமா" என்றாள்.

அதனால் நாளைக் காலை நான் எங்கும் போகவில்லை. மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கிழித்துப்போட்டு வேறு எழுதியிருப்பேன், ஒரே மூச்சில் இருபது நிமிஷத்துக்கு மேல் எழுதக் கூடாது என்றும் உத்தரவு இருப்பதால் அப்படியே அனுப்புகிறேன். அன்றைக்கு எல்லாம் தெரிந்தேதான் தோளைக் குலுக்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய் சொல்ல மனம் வரவில்லை. வலப்பக்கம் திரும்பி ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்தே குலுக்கியிருப்பேன், பதினொன்றாவதும் சேர்த்து. எனக்கு இப்போது அது ஒன்றுதான் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பட்டையைக் கட்டிக்கொண்டுதான் வருவேன். நீ குளித்துக்கொண்டிருந்தால் காத்திருக்கிறோம். நாலாவது தடவையாக அவள் உன்னிடம் சொல்வாள். அப்போதாவது கொஞ்சம் திரும்பிப் பார், அக்கா. உனக்குத்தான் கழுத்தில் ஒன்றும் இல்லையே.