ஒரு ஜிபிக்கு எழுநூறு டிஸ்கெட்

உலகம் முழுவதும் ஜிபியில் கணக்குப் பார்க்கத் தொடங்கிய பிறகும் அதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் செம்பனைத் தோட்டத்து வாசலில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, வேலை பார்க்கிறார். அடையாள அட்டையில் அவருக்கு அழகான முருகன் பெயர் ஒன்று உண்டு. கோலா பிலா வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். டிஸ்கெட் என்று கேட்டால் தோட்டத்து நாயே கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரு தைப்பூசத்தன்று எங்கள் கோயில் பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கி, நட்சத்திரத்தை மட்டும் கேட்டுவிட்டு, "டிஸ்கெட் நாமதேயஸ்ய" என்று மந்திரத்தை ஓட்டினார். டிஸ்கெட் அண்ணன் கண்ணை மூடிப் பக்தியோடு நின்றார்.

டிஸ்கெட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அளவில் சதுரமான பிளாஸ்டிக் தகடு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் செருகுவார்கள். ஒரு எம்பியும் இன்னும் அரை எம்பிக்குக் கொஞ்சம் குறைவாகவும் பிடிக்கும். இன்றைய பாட்டு ஒன்றுகூட முழுதாக அடங்காது. செனாவாங்கில் அதைத் தயாரித்த தொழிற்சாலையில் அண்ணன் ஒவ்வொன்றாகச் சோதித்து அடுக்கும் வேலை பார்த்தார். உலகத்துக்கு டிஸ்கெட் வேண்டாம் என்றானதும் தொழிற்சாலையை மூடினார்கள். மற்றவர்கள் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய் வேறு சாமான் செய்யப் பழகிக்கொண்டார்கள். அண்ணனோ மனைவி சரசு அக்காவைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அளவை மட்டும் விடவில்லை. யார் எதைக் காட்டினாலும் ஒரு ஜிபிக்கு எழுநூறு சொச்சம் என்று மனக்கணக்காகப் பெருக்கிவிடுவார்.

பழம் வெட்ட வந்த ஓர் இந்தோனேசியத் தொழிலாளி புதுக் கைப்பேசியை ஆசையாக அவரிடம் காட்டினான். அதற்குள் நாற்பதாயிரத்துக்கு மேல் டிஸ்கெட் இருக்கிறது என்று அண்ணன் மலாயில் சொல்லிவிட்டார். அவன் ஏதோ வைரஸ் என்று நினைத்து, அத்தனையையும் எடுத்துவிடும்படி கேட்டு ஆபீசுக்கு ஓடி வந்தான். ஆபீசில் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி நான்தான். அவனுக்குப் புரியவைப்பதற்குள் என் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

இன்னொரு நாள் துணை மேனேஜர் தோட்டத்தை வானத்திலிருந்து படம் பிடிக்க ட்ரோனோடு வந்தார். இளைஞர், அவசரக்காரர். அவர் படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, மெமரி கார்டு எத்தனை ஜிபி என்று அண்ணன் விசாரித்தார். பதிலைக் கேட்டதும், இவ்வளவு டிஸ்கெட்டை வெளியே கொண்டுபோக லாரிக்கான பாஸ் வேண்டும் என்று தடுப்புக் கட்டையைத் தூக்க மறுத்துவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகத்தானா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. நான் போய்த்தான் மேனேஜரை மீட்டேன்.

சரசு அக்காவுக்குத் தலைவலி வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் வெயில் என்றார்கள். பிறகு கண் மங்கியது. என் காரில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பெண் எங்களை உட்காரவைத்து, கட்டி இருக்கிறது, கத்தி வைக்க முடியாத இடத்தில் இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். திரையில் அக்காவின் தலை வெட்டு வெட்டாகத் தெரிந்தது.

அண்ணன்தான் வாயைத் திறந்தார். "இந்தப் படம் எத்தனை எம்பி டாக்டர்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் கோபிக்கவில்லை. திரையில் பார்த்து, முந்நூறு இருக்கும் என்றார். அண்ணனின் விரல்கள் தொடையில் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டன.

"இருநூறுக்கு மேல வரும்" என்றார்.

சரசு அக்கா அவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? இவ தலைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு கல்யாணமான நாளா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. இருநூறு டிஸ்கெட் இருக்கு லா."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அண்ணனும் சிரித்துக்கொண்டே எழுந்து, காரை எடுத்து வைக்கிறேன் என்று வெளியே போனார். கார் என்னுடையது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

அக்கா சில மாதங்கள் இருந்தார். கடைசியில் பேச்சும் நின்று, ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் அண்ணன் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கட்டையைத் தூக்கினார், இறக்கினார். கணக்கு மட்டும் நின்றுபோனது. துணை மேனேஜர் வேண்டுமென்றே காரை நிறுத்தி, இந்தத் தடவை இன்னும் பெரிய கார்டு என்று வாயைக் கிளறிப் பார்த்தார். அண்ணன் ஒன்றும் கேட்காமல் வழி விட்டார். மேனேஜர் நேராக என்னிடம் வந்து, அந்த ஆள் சரியில்லை, ஏதாவது செய்யுங்கள் என்றார். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் காவல் கூண்டுக்கே நடந்துபோய், சாப்பிட வரும்படி அவரைக் கூப்பிட்டாள். சாப்பிட்டாயிற்று என்றார். மறுநாளும் போனாள், அதே பதில். அதற்கு அடுத்த நாள், "தட்டு வச்சிட்டேன் அண்ணே, அவுங்களும் சாப்பிடாம உக்காந்திருக்காங்க" என்று என்னை இழுத்துவிட்டாள். அன்றைக்கு வந்தார்.

அதிலிருந்து தினமும் வந்தார். போட்டதைத் தின்றுவிட்டு, தட்டைத் தானே கழுவிவிட்டுப் போவார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. பல வாரம் இப்படியே போயிற்று. போன மாதம் ஒரு நாள் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தவர், கையை நிறுத்தினார்.

"உப்பு கம்மிம்மா" என்றார்.

தன் சமையலில் நான் குறை சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுக்காதவள் என் மனைவி. அன்றைக்கு உப்பு ஜாடியை எடுக்கச் சமையலறைக்குள் போனவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு வர வெகுநேரம் ஆயிற்று.

இப்போதெல்லாம் அவருக்கு ஷிப்ட் முடியக் கொஞ்சம் பிந்தினாலும் சோற்றுப் பானையை மூடியே வைத்திருக்கிறோம். எனக்குப் பசித்தாலும் பரவாயில்லை.