பன்னிரண்டு பாட்டில்களும் ஒரு கையெழுத்தும்

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஒருவேளை யாருக்காவது ஜலதோஷம் என்றாலும் வெள்ளிக்கிழமைக்குள் தேறிவிடுங்கள், ஏனென்றால் அன்று காலை பத்து மணிக்குள் நீ இங்கே வந்தாக வேண்டும். உன் அண்ணி நலம். சலவைக் கடையும் நலம். நான்தான் சரியாக இல்லை.

என் மகள் பள்ளி முடிந்ததும் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போகிறாளாம். விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். உன்னைப் போல வங்கியில் மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள் என்று நான் கோட்டை கட்டி வைத்திருந்தேன். அதைப் படித்தால் என்ன வேலை என்று கேட்டதற்கு, "தண்ணியப் பார்க்கிற வேலைப்பா" என்றாள். இருபத்திரண்டு வருடமாக நானும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. பெண் என்ன செய்கிறாள் என்று நாலு பேர் கேட்டால், வாய்க்காலை வேடிக்கை பார்க்கிறாள் என்றா சொல்வது? பேனாவை ஒளித்து வைத்துவிட்டேன். நான் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். சித்தப்பா சொன்னால் கேட்பாள். நீ வந்து அவள் மனதை மாற்ற வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் என் நிலைமை புரியும். சென்ற மாதம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், பால் வைக்கிற தட்டில் கலங்கல் தண்ணீரோடு பன்னிரண்டு பாட்டில்கள். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சட்டையையே கழற்றச் சொல்லிக் கறை எடுத்தவன் நான். பாட்டில்களைக் காலி செய்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒட்டியிருந்த எண்களையும் சுரண்டியெடுத்து, வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் வந்து பார்த்தாள். அழுதிருந்தாலாவது தேவலை. பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாய்க்காலில் பன்னிரண்டு இடத்தில் எடுத்த தண்ணீர் என்றும், சோதித்து அறிக்கை எழுதினால்தான் அவள் டீச்சர் பரிந்துரைக் கடிதம் தருவார் என்றும் உன் அண்ணிதான் சொன்னாள், ஏதோ நான் ஒரு கொலை செய்துவிட்டதைப் போல.

அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை, தம்பி. மறுநாள் காலை அவள் பள்ளிக்குப் போனதும் அவள் போட்டிருந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். எட்டு பாட்டில் வரை ஒழுங்காகத்தான் பிடித்தேன். ஒன்பதாவது இடத்தில் கரை வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வந்து, எல்லாம் ஒரே வாய்க்கால்தானே என்று, மிச்சம் நாலையும் நம் கடைக்குப் பின்னால், கழிவுநீர் விழுகிற இடத்தில் நிரப்பினேன். வரைபடப்படியே எடுத்தேன் என்று அவளிடம் சத்தியம் செய்யாத குறை. பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடம் கிடையாது. துடைப்பம் வைக்கிற அறையில் ஒரே ஒரு மேசையும் ஒரு சோதனைப் பெட்டியும்தான். அதை வைத்துக்கொண்டு மூன்றே நாளில் என் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றிவிட்டாள்.

"ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே தண்ணிப்பா. அது நம்ம கடைத் தண்ணி. ஆனா நம்ம கழிவுத் தொட்டியில வடிகட்டி இருக்கறப்போ இவ்வளவு சோப்பு எப்படி வெளியே வருது?"

எனக்கு எப்படித் தெரியும்? கடைசி நாலு இடத்துக்கும் அவளே மறுபடி போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். ஆனால் நம் கடைச் சமாசாரத்தையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதிவிட்டாள். டீச்சர் அதைக் கழிவுநீர் அலுவலகத்துக்கு அனுப்ப, வந்தது யார் தெரியுமா? வருடந்தோறும் நம் கழிவுத் தொட்டியைச் சோதிக்க வருகிற இன்ஸ்பெக்டர் அம்மா. பத்து வருடமாக அவர் கடைக்குள் நுழைந்தால் நான் எழுந்து நிற்பேன், அவர் போகும்வரை உட்கார மாட்டேன். வேறு எவருக்கும் நான் அப்படி எழுந்ததில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"வடிகட்டி அடியில கிழிஞ்சிருக்கு. வருஷா வருஷம் வர்றேன், என் கண்ணுல படல. உங்க பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா."

தயங்கித் தயங்கி, அவர் என்ன படித்தார் என்று கேட்டேன். இவள் கேட்கிற அதே படிப்புதானாம். அவர் அலுவலக ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறதாம், அது படித்தவர்கள் கிடைக்கவில்லையாம். இனி வாரம் ஒரு நாள் பிள்ளைகள் அங்கேயே வந்து பழகட்டும் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாராம். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது, நின்றுகொண்டிருந்தேனே.

இவ்வளவு நடந்தும் என் மனம் ஒப்பவில்லை. வேலை கிடைக்கும் என்பது புரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கரை எப்படி வழுக்கும் என்று விழுந்தவனுக்குத்தானே தெரியும்? அங்கே அவள் தனியாகக் குனிந்து நிற்க வேண்டும். வங்கியில் யாரும் வழுக்கி விழுவதில்லை. ஆகவே தவறாமல் வா, வந்து பேசு.

உன் பிள்ளைகள் நூறாண்டு சுகமாக இருக்கட்டும். அவர்கள் சட்டைக் காலர்கள் என்றும் வெள்ளையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அவள் கடைக்கு வந்தாள், புது வடிகட்டியைச் சோதிக்க. கையில் கையுறை, தோளில் பை. "தொட்டியக் காட்டுங்கப்பா" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் யாருக்காக எழுந்தேன் என்பது உறைத்தது. பேனாவை ஒளித்த இடம் மறந்துபோய், உன் அண்ணிதான் தேடிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாயிற்று. பள்ளிக்கூடத்துப் பாட்டில்களைக் கழுவும் பொறுப்பையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள், காலி பாட்டில்களை மட்டும். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. வெள்ளிக்கிழமை கட்டாயம் வா, ஆனால் படிப்பைப் பற்றி வாயைத் திறக்காதே. வரும்போது வழுக்காத ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வா, ஒன்று அவள் அளவுக்கு, ஒன்று என் அளவுக்கு. ஒன்பதாவது இடத்தில் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா?