மாப்பிள்ளை வெச்ச நீலத் தீ

அன்புள்ள மாப்பிள்ளை அருண்குமார் அவர்களுக்கு,

அருள்புரத்திலிருந்து மாமனார் ஆத்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் என் மகள் இந்துமதியும் சௌக்கியமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். நமது பட்டறையில் துணி காயவைக்கும் ஸ்டென்டர் மெஷின் மட்டும் நீங்கள் வந்துபோனதில் சௌக்கியமிழந்து, இப்போதுதான் தேறியிருக்கிறது. போனில் சொன்னால் இந்துமதி பாதியிலேயே கட் பண்ணிவிடுவாள் என்பதால் கடிதமாக எழுதி கொரியரில் அனுப்புகிறேன்.

ஆயுத பூஜையன்று மெஷின் பர்னரை வீட்டு மாப்பிள்ளை கையால் பற்றவைப்பது நம்ம வழக்கம். சூடத்தைக் காட்டி, சுவிட்சை அமுக்கி, இலையில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வேலை முடிந்தது. நீங்களோ பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஸ்பேனரை எடுத்தீங்க. "மாமா, கேஸைக் குறைச்சு, காத்தை முன்னாடியே நெறையக் கலந்து எரிச்சா சூடு சீரா இருக்கும், நைட்ரஜன் ஆக்சைடு புகை குறையும், டர்பைன் எஞ்சின்ல நாங்க இப்படித்தான் பண்றோம்"னீங்க. விமான எஞ்சினையே கரைச்சுக் குடிச்சவருக்குப் பனியன் துணி எம்மாத்திரமுங்க? மாப்பிள்ளையாச்சேன்னு ஒதுங்கி வழி விட்டேன். தீ பொசுக்குனு அணைஞ்சுது. மறுபடி பத்தவெச்சீங்க, மறுபடி அணைஞ்சுது. நம்ம பர்னர் ஃபிட்டர் ஆரோக்கியராஜ், தூத்துக்குடிக்காரன், "மொதலாளி, காத்து ஜாஸ்தியாயிட்டுல்லா"ன்னு தலையைச் சொறிஞ்சான். அப்புறம் எரிஞ்சுது, ஆனா மெஷினே உறும ஆரம்பிச்சு, கூரைத் தகரமெல்லாம் கடகடன்னு ஆடி, பக்கத்துப் பட்டறை வேலாத்தாள் அக்கா, "ஏனுங்க, பூஜைக்கு மைக் செட்டு கட்டியிருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு வந்தாங்க. நீங்க மெஷினை நிறுத்துவீங்கன்னு பார்த்தா, அந்தச் சத்தத்தை செல்போன்ல ரெக்கார்டு பண்ணிட்டு, "இந்த உறுமலை அடக்கத்தான் மாமா எங்க ஆராய்ச்சியே"ன்னு சிரிக்கறீங்க. படிப்புன்னா அதுதானுங்க படிப்பு.

ஒருவழியா நீங்க எதையோ திருகித் திருகி சத்தம் அடங்குச்சு, தீயும் சின்னதாச்சு. குனிஞ்சு பார்த்தா இத்துனூண்டு நீலம். அதுல கடலை கூட வறுக்க முடியாதுங்க. ஜெர்மனிக்குப் போற கொழந்தைங்க சட்டைக்கான வெள்ளைத் துணி, இந்த ஆர்டர் போச்சுன்னா பட்டறையை மூடிட்டு நான் ஊட்லதான் உக்காரோணும், அதைப் போய் இந்த நீலத்துல ஓட்ட வெச்சீங்க. நீங்க பஸ் ஏறுன கையோட ஆரோக்கியராஜை விட்டு எல்லாத்தையும் பழையபடி திருகி வெச்சுட்டேன். இப்பத் தீ செவசெவன்னு, பார்க்கவே மனசுக்கு நெறைவா எரியுது. தீபாவளிக்கு வாங்க, வயிறாரச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க. மெஷின் பக்கம் மட்டும் வர வேண்டாமுங்க.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார் ஆத்தப்பன்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள, துணி செக் பண்ண, ஜெர்மனி ஆர்டர் குடுத்த பையர் ஆபீஸ்ல இருந்து அனிதா மேடம் வந்துட்டாங்க. என் செவப்புத் தீயில ஓட்டுனதெல்லாம் புகை பட்டு மஞ்சப் பூத்திருக்குன்னு தள்ளிட்டாங்க. உங்க நீலத்துல ஓடுனது மட்டும் பளிச்சுனு வெள்ளை. "இது யாருங்க செட் பண்ணுனது?"ன்னாங்க. நாந்தானுங்கன்னு சொல்லிட்டேன். மீதியும் அதே மாதிரி ஓட்டோணுமாம், வெள்ளிக்கிழமை அவங்க கண்ணு முன்னாடி நானே செட் பண்ணிக் காட்டோணுமாம், இல்லாட்டி ஆர்டர் கேன்சல். ஆரோக்கியராஜுக்கு எதைத் திருகுனோம்னே ஞாபகமில்லை. சாமி, வியாழக்கிழமையே வந்துருங்க. பக்கத்துல சும்மா நின்னாப் போதும். எந்தப் பக்கம் திருகறதுன்னு கண்ணை மட்டும் காட்டுங்க.