மாமாவுக்கு மாட்டிய கறுப்பு ஃப்ரேம்

ஒரு குடும்பத்தில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று தெரிந்துவிட்டால் அவன் தொலைந்தான். டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் அவன், கேஸ் புக் ஆகாவிட்டாலும் அவன். எங்கள் வீட்டில் அந்த ‘அவன்’ நான்தான். ஆனால் இந்த விஷயத்தில் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய் விழுந்தேன் (வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாத்தானே?).

என் மாமனாருக்கு அப்போதுதான் பைபாஸ் ஆபரேஷன் முடிந்திருந்தது. தாராவியில் பலசரக்குக் கடை வைத்து, தெருவே கேட்கிற மாதிரி பேசி வாழ்ந்த மனிதர், வாயை மூடிக்கொண்டார். டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கவில்லை. இருமினால் தையல் வலிக்கும் என்று மார்பில் ஒரு தலையணையை அணைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“சாப்பிடுங்க மாமா” என்றால், “இனி தின்னு என்ன செய்யப் போறேன், மாப்பிள்ள?” என்பார்.

என் மனைவி ஜெபா அவருக்கு ஒரே மகள். சமையலறையில் போய் நின்று அழுவாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அவர் பிழைத்து வந்ததற்காக ஞாயிறு மாலை சர்ச் ஹாலில் ஒரு ஸ்தோத்திர ஜெபக் கூட்டம் வைப்பது என்று முடிவாயிற்று. அவருடைய போட்டோக்களை எல்லாம் சேர்த்து வீடியோவாகப் போட்டால் மனிதருக்குக் கொஞ்சம் தெம்பு வரும் என்று ஜெபா நம்பினாள். ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாம் என்றாள்.

“ஸ்டுடியோ எதுக்கு? நாலு வரி ப்ரோகிராம் எழுதினா வீடியோ தானா வந்துடும்” என்றேன்.

சனிக்கிழமை மதியம், செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அது தானாக வந்தது. எல்லோர் முகமும் நீலமாக இருந்தது. காரணம் சின்னது. போட்டோவைத் திறக்கிற நிரல் வண்ணங்களில் நீலத்தை முதலில் வைத்துக் கொடுக்கிறது. வீடியோ எழுதுகிற நிரலோ முதலில் வருவது சிவப்பு என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை (நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான்). திறக்கும் இடத்தில் நீலத்தையும் சிவப்பையும் இடம் மாற்றுகிற ஒரு வரி சேர்த்துச் சரிசெய்தேன்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வந்து வீடியோவைத் திறந்தால் மறுபடியும் நீலம். நான் திறந்தது நேற்றைய பழைய வீடியோ என்பது இந்த அறிவாளிக்கு உறைக்கவில்லை. எழுதும் இடத்திலும் அதே வரியைச் சேர்த்தேன். இரண்டு முறை மாற்றினால் பழையபடிதானே ஆகும்? ஆயிற்று. ஆனால் புதிய வீடியோவின் தொடக்கத்தில் இருந்தவை மாமாவின் கல்யாணப் போட்டோக்கள், கறுப்பு வெள்ளை. அதில் நீலம் தெரிய வழியே இல்லை. “ஆஹா, சரியாயிடுச்சு” என்று நடுவில் பார்க்காமல் நேராகக் கடைசிக்குப் போனேன்.

கடைசியில் வெறும் கறுப்பு ஃப்ரேம். பின்னணியில் போட்ட கீர்த்தனை நீளம், போட்டோக்கள் குறைவு. மிச்சப் பாட்டுக்குத் திரை இருட்டாகவே கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டோம்பிவிலி எஸ்தர் சித்தி கேட்டிருந்தார். மாமாவின் தங்கை, ஜெபாவுக்கு அத்தை, எனக்குச் சித்தி முறை. முட்டிவலி, கூட்டத்துக்கு வர முடியாது, வீடியோவையாவது அனுப்பு என்று. மாமா வீடியோ முடிந்தது, கடைசியில்தான் இருட்டு என்று சொல்ல நினைத்து, ஆங்கில எழுத்தில் அவசரமாகத் தட்டினேன்:

“மாமா முடிஞ்சிட்டாரு. கடைசில கறுப்பு ஃப்ரேம் மாட்டிக்கிச்சு.”

அனுப்பிவிட்டு மறுபடி இருட்டோடு போராடினேன். போகவில்லை.

“என்னாங்க, நாலு வரின்னீங்க. ரெண்டு நாளா என்ன டைம்பாஸ் பண்றீங்க? சலோ, கூட்டத்துக்கு லேட் ஆகுது” என்றாள் ஜெபா. கொஞ்ச நேர இருட்டை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினேன். அலுத்துப்போயிருந்தது.

டோம்பிவிலியில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. சித்தி கண்ணாடியைத் தேடி அலுத்து, போனை மகனிடம் கொடுத்திருக்கிறார். அவனுக்கு வாயில் வருவது பம்பாய் ஹிந்திதான். படித்துவிட்டுச் சொன்னானாம்: “மம்மி, மாமா கதம். ஃப்ரேம் பி லக் கயா.” மாமா போயாச்சு, போட்டோவுக்கு ஃப்ரேமும் மாட்டியாச்சு என்று அர்த்தம்.

முட்டிவலி எங்கே போயிற்றோ. சித்தி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கிடைத்த லோக்கல் ரயிலில் ஏறிவிட்டார். வழியெல்லாம் போன் போட்டாராம். ஜெபம் நடக்கிறதென்று நாங்கள் எல்லோரும் போனை அமர்த்தியிருந்தோம். சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவி வீட்டுக்குப் போனால் பூட்டு. “எல்லாரும் ஹாலுக்குப் போயிட்டாவ” என்றிருக்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இறுதி ஜெபத்துக்கு அதுவும் பொருந்திப்போயிற்று.

ஹாலில் விளக்கணைத்து நான் வீடியோவைப் போட்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படங்கள் முடிந்து வண்ணப் படங்கள் தொடங்கின. நீல மாமா, கடை வாசலில். நீல மாமா, நீலப் பேத்தியோடு. கூட்டம் நெளிந்தது. ஜெபா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். கடைசியாகத் திரை முழுக்க மாமாவின் முகம், விஷம் தீண்டியது போல நீலம் பாரித்து. பிறகு இருட்டு. இருட்டுக்குள் கீர்த்தனை மட்டும்.

அந்த இருட்டில்தான் கதவு திறந்தது.

“எண்ணே! தங்கச்சி மொகத்தப் பாக்காமப் போயிட்டியே எண்ணே!”

சித்தி திரையை நோக்கி ஓடிவந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். யாரோ விளக்கைப் போட்டார்கள். முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்:

“ஏளா எஸ்தர், நான் இங்கனதான் இருக்கேன்.”

சித்தி திரும்பிப் பார்த்தார். அண்ணனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோபத்தோடு, “பொறவு ஏன் சித்த முந்தி அப்படி நீலமா இருந்த?” என்றார்.

மாமாவின் தோள்கள் குலுங்கின. ஐயோ, இதயம்தான் என்று அவரிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கையோடு கொண்டுவந்த தலையணையை மார்பில் இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, “சிரிக்க வைக்காதீய, தையல் விட்டுரும்” என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். ஜெபா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அவமானம் பாதி, நிம்மதி பாதி.

வீடியோவை அப்புறம் ஒழுங்காகச் சரிசெய்து அனுப்பினேன். இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. மாமாவின் வாட்ஸ்அப் படத்தில் இன்றைக்கும் நீல முகம்தான். காலையில் நடந்துவிட்டு வந்து குழுவில் ஒரே ஒரு வரி போடுவார்: “கறுப்பு ஃப்ரேம் வரல.”

டோம்பிவிலியிலிருந்து உடனே பதில் வரும்: “ஸ்தோத்திரம்.” அதைப் பார்த்த பிறகுதான் ஜெபா அடுப்பைப் பற்றவைக்கிறாள்.