எடை போட்ட ஒட்டகம்

பத்துக் கிலோ குறைக்கப் போறேன்னு நான் சபதம் எடுத்தது ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். வாய் நிறைய ஆட்டுக்கறி இருந்துச்சு. அதனால பாதி சபதம்தான் வெளிய வந்துச்சு. மீதியை எம் பொண்டாட்டி ரெமேதியோஸ் முடிச்சு வெச்சா.

"பத்துக் கிலோ. செப்டம்பருக்குள்ள. குறையலேன்னா இந்த வருஷம் மீன் பிடிக்கப் போகமாட்டேன். அதானே சொல்ல வந்தீங்க?"

நான் சொல்ல வந்தது அது இல்ல. ஆனா கறி தொண்டைக்குள்ள போய்ச் சேர்றதுக்குள்ள அவ காலண்டர்ல எழுதிட்டா. தொண்ணூத்தஞ்சு கிலோ, இன்னைக்கு. எம்பத்தஞ்சு, திருவிழாவுக்கு முன்னாடி.

மீன் பிடிக்கிறதுன்னா சும்மா இல்ல. வருஷத்துல ஒரே ஒரு வாரம். நாங்க அஞ்சு பேரு, ஒரு படகு, எங்க தீவுக்கு எதிர்க்க இருக்கிற கிராசியோசாங்கிற குட்டித் தீவு. பொண்டாட்டி கிடையாது, கடிகாரம் கிடையாது. பிடிச்ச கிளிமீனைப் பிடிச்ச இடத்துலேயே பொரிச்சுத் தின்னுட்டு, மணல்ல கவுந்து படுக்கிறது. மீதி அம்பத்தியோரு வாரமும் நான் மூச்சு விடுறதே அந்த ஒரு வாரத்துக்காகத்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அதே வாரம்தான் மாதா திருவிழாவுக்காக ஊர்ல எல்லா வீட்டுக்கும் வெள்ளை அடிப்பாங்க. எங்க மாமியார் வீடும் அதுல ஒண்ணு. வருஷா வருஷம் நான் தப்பிச்சதுக்குக் காரணம் அவங்க வீட்டு மர ஏணி. அதுக்கு வயசு மாமியாரை விட அதிகம். முதல் படியில கால் வெச்சேன், 'அம்மா'ன்னு கத்துச்சு. "பாத்தீங்களா அத்தை, என் உடம்பை இது தாங்காது. என்னைக்குப் பத்துக் கிலோ குறையுறேனோ, அன்னைக்கு நானே ஏறி அடிக்கிறேன், மாதா மேல சத்தியம்"னு சொல்லிட்டேன். எரிமலை திரும்பப் பொங்கினா குடை பிடிக்கிறேன்னு சொல்ற மாதிரி. நடக்காதுன்னு தெரிஞ்சா சத்தியம் பண்றதுல என்ன கஷ்டம்.

சரி, எடை எப்படிக் குறையும்? என் பிழைப்பு அப்படி. அரெசிஃபே துறைமுகத்துல காலையில கப்பல் வரும். வீடு மாதிரி இல்ல, தெரு மாதிரி இருக்கும். அதுலேர்ந்து அம்பது பேர் நெஞ்சுல ஏழாம் நம்பர் ஒட்டிக்கிட்டு இறங்குவாங்க. ஏழாம் நம்பர் பஸ்சுக்கு வழிகாட்டி நான். "இடது பக்கம் பாருங்க, கருங்கல்லு. வலது பக்கம் பாருங்க, அதுவும் கருங்கல்லு." இருபத்திரெண்டு வருஷமா இதைச் சொல்லிச் சம்பாதிக்கிறேன்.

தீமலைங்கிற எரிமலைக்குப் போவோம். குழியில ஒரு வாளித் தண்ணி ஊத்துவாங்க, புஸ்ஸுனு ஆவி கிளம்பும், அம்பது பேரும் ஒரே நேரத்துல பின்னாடி நகர்ந்து ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பாங்க. பக்கத்துலேயே பூமிச் சூட்டுல கோழி வாட்டுற ஓட்டல். வழிகாட்டிக்கு அரைக்கோழி இலவசம். அப்புறம் திராட்சைத் தோட்டம். வழிகாட்டிக்கு ஒயின் இலவசம். பாலாடைக்கட்டி இலவசம். இப்படி ஊரே அன்பைக் காட்டும்போது வேண்டாம்னு சொன்னா மனசு நோகாதா?

அதனால கோழியை விடல. தராசைப் பிடிச்சேன். எங்க வீட்டுத் தராசுக்கு அடியில ஒரு திருகு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஏறுறதுக்கு முன்னாடி நகக்கண்ணு அளவு திருப்பினா போதும். தொண்ணூத்தஞ்சு தொண்ணூத்து மூணாச்சு. தொண்ணூறாச்சு. ஆகஸ்டு கடைசியில எம்பத்தஞ்சு. அதே வேகத்துல போயிருந்தா கிறிஸ்துமஸுக்குக் காணாமலே போயிருப்பேன்.

ரெமேதியோஸ் காலண்டரைப் பாத்தா. என்னைப் பாத்தா. திரும்பக் காலண்டரைப் பாத்தா.

"என்னங்க, வர்ற வியாழக்கிழமை உங்க பஸ்ல நானும் வரட்டுமா?"

"நீ எதுக்கு? நீ பொறந்ததே இந்தக் கருங்கல்லுல."

"இருபத்திரெண்டு வருஷமா நீங்க வேலை செய்யுறதைப் பார்த்ததில்லையே."

"பார்க்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

"அதைத்தான் பார்க்கணும். அப்புறம், ஒட்டகத்துல உங்ககூட ஏறணும்."

எங்க பஸ் பயணத்துல கடைசியா ஒட்டகச் சவாரி. எங்க ஒட்டகத்துல முதுகுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ரெண்டு பேரும் சமமா இல்லேன்னா லேசா இருக்கிறவங்க பக்கம் மணல் மூட்டை தொங்கவிடுவாங்க. மூட்டை ஒண்ணு அஞ்சு கிலோ. அங்க நின்னு எத்தனை புருஷன் பொண்டாட்டி மூட்டையை எண்ணிட்டு, பஸ்ல தனித்தனி சீட்டுல உக்காந்து திரும்பிப் போறதைப் பார்த்திருக்கேன். இவ அறுபத்தஞ்சு கிலோ. காலண்டர்படி நான் எம்பத்தஞ்சு. இருபது வித்தியாசம், நாலு மூட்டை. ஒரு மூட்டை கூடுதலாத் தொங்கினா என் மீன், என் மணல், என் படகு எல்லாம் போச்சு.

அன்னைக்கே ஒட்டகக்காரன் மார்சியால்கிட்ட ஓடினேன். கூடவே ஒரு பாட்டில் ஒயினும், மூட்டைக்குள்ள மணலுக்குப் பதிலாப் பிரிச்சுப் போட, நான் மீன் பிடிக்க உருக்கி வெச்சிருந்த ஈயக்குண்டு அத்தனையும்.

"கல்லையே போடலாமேடா, இங்க இல்லாத கல்லா" என்றான்.

"நம்ம ஊர்க் கல்லு பார்க்கத்தான் கல்லு. உள்ள பூரா ஓட்டை. ஈயம்தான் கனம். மூட்டை நாலு. நாலே நாலு. அஞ்சாவதைத் தொட்டே, நம்ம சிநேகம் முடிஞ்சுது."

"நாலு தானே. விடு."

ஓட்டல் சமையல்காரன்கிட்டயும் காசு குடுத்துச் சொல்லி வெச்சேன். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, இலையும் தழையும் மட்டும் வைன்னு.

வியாழக்கிழமை வந்துச்சு. ரெமேதியோஸ் நெஞ்சுல ஏழாம் நம்பரை ஒட்டிக்கிட்டு முதல் சீட்டுல உக்காந்தா. தீமலையில சமையல்காரன் ஒரு தட்டு கீரையை என் முன்னாடி வெச்சான்.

"சார் எங்க ஊருக்கு இப்பதான் முதல் தடவை வர்றீங்களா?"

"இருபத்திரெண்டு வருஷமா இங்க தான் சாப்பிடுறாரு" என்றாள் ரெமேதியோஸ்.

"அப்படியா. முகம் மனசுல நிக்கல."

பாவி, வாங்கின காசுக்கு மேல நடிச்சான். நான் கீரையை மென்னேன். பக்கத்து மேசையில ஒரு ஜெர்மன்கார அம்மா என் அரைக்கோழியைத் தின்னுச்சு. திராட்சைத் தோட்டத்துல தண்ணி குடிச்சேன். அங்க தண்ணி இருக்குங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

கடைசியா ஒட்டகம். எங்களுக்குக் குடுத்த ஒட்டகத்துக்குப் பேரு மேயர். முணுமுணுத்துகிட்டே இருக்கும், நகராது, அதனால அந்தப் பேரு. மேயர் உக்காந்திருந்துச்சு. நான் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். நான் உக்காந்ததும் சேணம் என் பக்கம் சடக்குன்னு சாஞ்சுது. அம்பது பேரும் கேமராவைத் தூக்கினாங்க.

மார்சியால் முதல் மூட்டையைத் தூக்கினான். தூக்கும்போதே அவன் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைச்சுது.

"என்ன மார்சியால், அஞ்சு கிலோவுக்கு இப்படி முக்குறே?"

"முதுகு வலி அண்ணி."

தொங்கவிட்டான். சேணம் நேரா நின்னுச்சு. ஒரே மூட்டையில.

போதும்டான்னு கண்ணைக் காட்டினேன். நாலுன்னு சொன்னவன் நான்தானே. அவன் ரெண்டாவதைத் தொங்கவிட்டான். நான் லேசா மேல போனேன். மூணாவது. என் செருப்பு கழண்டு விழுந்துச்சு. நாலாவது. மேயர் எந்திரிச்சுது, பின்னங்கால் முதல்ல. நான் ஆகாசத்துல, கம்பியைக் கட்டிப் பிடிச்சுகிட்டு, துணிக்கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி ஆடுறேன். கப்பல்காரங்க கை தட்டினாங்க.

"எம் புருஷன் பஞ்சாயிட்டாரே" என்றாள் ரெமேதியோஸ் கீழேயிருந்து. "மார்சியால், ஒண்ணு போதும், மீதியைக் கழட்டு."

மூணைக் கழட்டினான். நான் இறங்கி வந்தேன். மேயர் நடக்க ஆரம்பிச்சுது. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல திமில். முகம் தெரியல, குரல் மட்டும் வந்துச்சு.

"என்னங்க."

"ம்."

"நான் அறுபத்தஞ்சு. மூட்டை அஞ்சு. நீங்க எழுபது."

"அவ்வளவெல்லாம் இருக்காது."

"இருக்காதா? அப்போ எவ்வளவு?"

எந்தப் புருஷன் பொண்டாட்டிகிட்ட, இல்லடி, நான் இன்னும் குண்டுன்னு சண்டை போடுவான்?

"எங்கம்மாகிட்ட மாதா மேல சத்தியம் பண்ணினீங்களே, ஞாபகம் இருக்கா? எழுபது கிலோ ஆளை எந்த ஏணியும் தாங்கும்."

மேயர் முணுமுணுத்துச்சு. நானும் முணுமுணுத்தேன்.

"படகு?"

"தாராளமா போங்க. நான் சொன்ன சொல் தவற மாட்டேன். வெள்ளை அடிச்சு முடிச்சிட்டுப் போங்க."

மாமியார் வீடு ரெண்டு மாடி. சுத்துச்சுவர், ஆட்டுக் கொட்டில், மழைத்தண்ணித் தொட்டி வேற. உண்மையைச் சொன்னா படகு இல்ல. பொய்யைச் சொன்னா வெள்ளை அடிக்கணும். அடிச்சு முடிக்கும்போது படகு திரும்பி வந்திருக்கும்.

இறங்கினதும் மார்சியால் சட்டையைப் பிடிச்சேன்.

"ஏண்டா, அத்தனை ஈயத்தையும் ஒரே மூட்டையிலயா போடுவாங்க?"

"அண்ணி தான் அப்படிப் போடச் சொன்னாங்க."

"அவளுக்கு எப்படிடா தெரியும்?"

"உன் ஈயக்குண்டுப் பெட்டி காலியா இருக்குன்னு நேத்து கேட்டுகிட்டு வந்தாங்க. நீ குடுத்தது ஒரு பாட்டில். அவங்க குடுத்தது முழு வட்டம் பாலாடைக்கட்டி." மென்னுகிட்டே சொன்னான். வாசனையிலேயே தெரிஞ்சுது, மாமியார் வீட்டு ஆட்டுப் பால்ல செஞ்சது.

திங்கக்கிழமை படகு கிளம்புச்சு. என் இடத்துல மார்சியால் போனான், என் ஈயக்குண்டோட.

நான் மாமியார் வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்துச்சு. அந்தக் கிழட்டு ஏணி. முதல் படி முறியும், நான் விழுவேன், கால் சுளுக்கும், எனக்கு ஓய்வு. சுளுக்குறது வலது காலா இடது காலான்னு கூட வழியிலேயே முடிவு பண்ணிட்டேன்.

போய்ப் பாத்தா, சுவர்ல புத்தம் புது இரும்பு ஏணி. கடைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கல. நூத்தியிருபது கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு.

"எழுபது கிலோ ஆளுக்கு எதுக்குடி நூத்தியிருபது கிலோ ஏணி?"

ரெமேதியோஸ் சுண்ணாம்பு வாளியை என் கையில குடுத்தா.

"உங்க பேன்ட் பட்டனை ஏப்ரல்லேர்ந்து மூணு தடவை தள்ளித் தள்ளித் தைச்சது யாருன்னு நினைச்சீங்க?"

ஏறினேன். நடுப்படியில ஒரு தடவை, வேணும்னே, குதிச்சுக்கூடப் பாத்தேன். பாழாப்போன ஏணி, ஒரு முனகல் முனகல.